கதிரவனை விட்டுப் பிரிந்த செடி

கனடா நாட்டின் மானிட்டோபா மாநிலத்திலே பிளின் பிளான் என்று ஒரு சுரங்க ஊர் இருக்கிறது. செம்பும் துத்தநாகமும் தோண்டி வாழ்ந்த ஊர். ஆண்டில் பல திங்கள் பனி மூடிக் கிடக்கும் அந்த ஊரருகே, தரைக்குக் கீழே ஏறத்தாழ 360 மீட்டர் ஆழத்தில், கனிமம் எடுத்து முடித்த பாறைக் குகையொன்றில், 2001ஆம் ஆண்டு பச்சைப் பசேலென்று ஒரு தோட்டம் தழைத்தது. அங்கே தென்றல் இல்லை. குழாய்வழிக் காற்று உண்டு. மழை இல்லை, அளந்து விடும் நீர் உண்டு. ஞாயிறு எட்டிப் பார்த்ததே இல்லை. கண்ணைக் கூசவைக்கும் மின்விளக்குகள் வரிசை வரிசையாகத் தொங்கின. அங்கு வளர்ந்த செடி கஞ்சா. வளர்க்கச் சொன்னது கள்ளக் கூட்டம் அன்று. கனடா நாட்டு அரசாங்கம்!

அரசாங்கம் கஞ்சா வளர்ப்பதா? அதுவும் பாதாளத்திலா? கதையன்று தோழர்களே, ஒப்பந்தம் போட்டு, பணம் ஒதுக்கிச் செய்த காரியம். மலைச்சரிவிலும் ஆற்றங்கரையிலும் தானே முளைத்து, ஆளுயரம் தாண்டி வளர்ந்து, வெயிலைக் குடித்து விளைந்த செடி, வெயிலின் வாடையே படாத கிடங்கிற்குள் எப்படிப் போயிற்று? யார் அதனை வீட்டுக்குள் அழைத்தவர்? யார் அதனை வீட்டுக்குள் விரட்டியவர்? அழைத்ததும் விரட்டியதும் வெவ்வேறு கைகள். அந்த இரு கைகளின் வரலாற்றையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

கஞ்சாவுக்குக் கவரி வீசும் கட்டுரையன்று இது. வளரும் பருவத்து மூளைக்கு அந்தப் புகை கேடு செய்யும் என்பதையும், மனநோய்க்கு இடமுள்ள உடலில் அந்நோயைக் கிளறிவிடும் என்பதையும் இன்றைய மருத்துவம் ஐயமறக் கூறுகிறது. அதை மறைப்பவன் பகுத்தறிவாளனல்லன். ஆனால் ஒரு பொருள் தீங்கானது என்று தெரிந்தபின், அந்தத் தீங்கை அறிவு கொண்டு அளந்தோமா, அச்சம் கொண்டு அளந்தோமா என்று கேட்பதும் பகுத்தறிவின் கடமைதானே!

மனிதனோடு நெடுவழி நடந்து வந்த செடி அது. அதன் நார் கயிறாயிற்று. அதன் வித்து எண்ணெயாயிற்று. கடலோடிகளின் பாய்மரத் துணியாயிற்று. மேனாட்டார் முரட்டுத் துணியைக் கான்வாசு என்கிறார்களே, அந்தச் சொல்லே அச்செடியின் இலத்தீன் பெயரான கன்னபிசு என்பதன் வழியாக வந்ததுதான். பாமீர் மலையில் 2,500 ஆண்டுகட்கு முற்பட்ட கல்லறைகளிலே கிடைத்த மரத்தாலான தணற்சட்டிகளில் கஞ்சாவின் போதைப்பொருள் படிந்திருந்ததை 2019இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். செத்தவனை வழியனுப்பப் புகை போட்டிருக்கிறார்கள். சடங்கு என்றால் புகை வேண்டும் போலும், அன்றும் இன்றும்!

மருந்தாக அதனை மேனாட்டுக்கு அறிமுகம் செய்தவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலே பேராசிரியராயிருந்த ஓஷானசி. இந்நாட்டு மருத்துவர்களும் மக்களும் காலங்காலமாகப் பயன்படுத்திய அந்தப் பொருளை விலங்குகட்குக் கொடுத்துப் பார்த்து, பின்னர் முடக்குவாதத்தாலும் இசிவு நோயாலும் துன்புற்றோர்க்குக் கொடுத்துப் பார்த்து, 1839இல் தம் முடிவுகளை எழுதினார். அதன்பின் இலண்டன் மருந்துக் கடைகளில் கஞ்சாச் சாறு சீசாக்களில் அமர்ந்துவிட்டது. மருந்தென்று சீமையிலே விற்றவர்கள், மயக்கப் பொருளென்று இங்கே வரி வாங்கினார்கள். வங்காளத்தின் இராசசாகி வட்டாரத்தில், நவுகாங் என்ற பகுதியிலே, உரிமம் பெற்ற உழவர்கள் சர்க்காரின் கண்காணிப்பில் கஞ்சா பயிரிட்டனர். இப்போது அந்த ஊர் வங்கதேசத்தில் இருக்கிறது. ஆண் செடிகளை இனங்கண்டு அகற்றுவதற்கென்றே அங்கே தேர்ந்த ஆட்கள் இருந்தனர். போத்தார் என்று அவர்களுக்குப் பெயர்; கஞ்சா வைத்தியர் என்றும் அழைப்பார்களாம். விதையில்லாத பூவே விலை போகும் பூ என்பது அந்த வங்காள உழவனுக்குத் தெரிந்திருந்தது. நூறாண்டு கழித்து அமெரிக்க இளைஞர்கள் இதே வித்தையைப் புதுமையென்று கொண்டாடி, விதையற்றது என்று பொருள்படும் சின்செமில்லா என்னும் ஸ்பானியப் பெயரைச் சூட்டிக் கொண்டார்கள்!

இனி, 1893ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பிரிட்டிஷ் காமன்சு சபையிலே கேன் என்ற உறுப்பினர் எழுந்தார். மதுவிலக்குப் பற்றுடையவர், நல்லெண்ணம் கொண்டவர் என்பதிலும் ஐயமில்லை. வங்காளத்திலே கஞ்சா மக்களைக் கெடுக்கிறது, ஆராயக் குழு வேண்டும் என்றார். குழு அமைக்கப்பட்டது. மக்வொர்த் யங் என்பவர் தலைவர். உறுப்பினருள் மூவர் இந்நாட்டவர். குழு என்றால் நாற்காலி தேய்க்கும் குழு என்றுதானே நமக்குப் பழக்கம்? இவர்கள் அப்படிச் செய்யவில்லை. 86 முறை கூடினார்கள். ஊர் ஊராகச் சென்றார்கள். 1,193 சாட்சிகளின் கூற்றைப் பதிவு செய்தார்கள். மருத்துவர், பாதிரியார், கலெக்டர், வியாபாரி, உழவர் எல்லோரையும் கேட்டார்கள். சென்னை மாகாணமும் அதில் அடக்கம்.

அவர்கள் செய்த வேலையில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது ஒன்று. கஞ்சா குடித்தால் பித்துப் பிடிக்கும் என்பது அந்நாளைய பொது நம்பிக்கை. அதற்குச் சான்று? பைத்தியக்கார ஆசுபத்திரிகளின் பதிவேடுகள்! ஆண்டுதோறும் இத்தனை பேர் கஞ்சாவால் பித்தரானார்கள் என்று அச்சிட்ட கணக்கு இருந்தது. அச்சிலே வந்துவிட்டால் அப்பீல் உண்டோ? குழுவினர் அந்தக் கணக்கை அப்படியே விழுங்கவில்லை. பதிவேட்டை நிரப்பியது யார் என்று கேட்டார்கள். தெருவிலே திரிந்த பித்தனைப் போலீசுக்காரர் பிடித்து வருகிறார். நோயின் காரணம் என்று தாளிலே ஒரு கட்டம் இருக்கிறது. வெறுமையாக விட்டால் மேலதிகாரி சினப்பார். பித்தனைக் கேட்டால் பதில் வராது. உறவினர் யாரென்றே தெரியாது. ஆகவே கட்டத்திலே கஞ்சா என்று எழுதிவிட்டார்கள்! மருத்துவரோ அதைப் பார்த்துப் படியெடுத்தார். மேலிடமோ படியெடுத்ததைக் கூட்டிப் பார்த்தது. கூட்டிய தொகை அறிவியல் உண்மையாக உலா வந்தது.

குழுவினர் 1892ஆம் ஆண்டின் சேர்க்கைகளை ஒவ்வொன்றாகத் துருவினர். அவ்வாண்டு சேர்க்கப்பட்டோர் 1,344 பேர். அவர்களுள் கஞ்சாவைக் காரணமாகச் சொல்ல ஓரளவேனும் இடமிருந்தது 98 பேரிடத்து. அதிலும் வேறு காரணம் எதுவும் கலவாதது 61 பேரிடத்து மட்டுமே. நூற்றுக்கு ஐந்துபேர் கூட இல்லை. அளவோடு பயன்படுத்துவோரிடம் பெருந்தீங்கு காணப்படவில்லை, அளவு மீறியோர்க்குத் தீங்கு உண்டு, அடியோடு தடுப்பது தேவையுமன்று தக்கதுமன்று, வரியும் கட்டுப்பாடும் போதும் என்று 1894இல் பல தொகுதிகள் கொண்ட அறிக்கை வெளிவந்தது. வரி வருமானம் வந்துகொண்டிருந்த அரசுக்கு அந்த முடிவு இனித்திருக்கும் என்பது உண்மையே. ஆனாலும் நாடு நெடுகச் சென்று, கேட்டு, எண்ணி, ஏட்டையே ஐயுற்று ஆராய்ந்த முறை இருக்கிறதே, அதை இழித்துரைக்க இயலாது. அறிக்கை அலமாரியிலே தூங்கிற்று. அச்சம் மட்டும் விழித்திருந்தது.

இதற்குச் சற்றுப் பின்னே, பாரிசு நகரில் ஓர் இளம் விஞ்ஞானி அச்செடியை அன்போடு கூரைக்குக் கீழே அழைத்து வந்தார். ழூலியன் தூர்நுவா அவர் பெயர். போதையில் அவருக்கு நாட்டமில்லை, பூவிலேதான் நாட்டம். ஹாப்பு என்ற கொடியையும் கஞ்சாச் செடியையும் குளிர்காலத்திலே கணப்பு வைத்த கண்ணாடி வீட்டுக்குள் விதைத்தார். கோடையில் வெளியே விதைத்தால் நெடிதுயர்ந்து வளர்ந்து, பின்னரே பூக்கும் செடி, இங்கோ நாலு இலை விடுவதற்குள் பூத்து நின்றது! குழந்தைக்குத் தாடி முளைத்தாற் போன்ற காட்சி. ஏன்?

குளிரா? இல்லை, வீடு கதகதப்பாக இருந்தது. மண்ணா? அதே மண்தான். தூர்நுவா ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். செடிகளை மூடிவைத்து, ஒரு நாளில் சில மணி நேரமே வெளிச்சம் படும்படி செய்து பார்த்தார். அவையும் முந்திப் பூத்தன. 1912இல் ஒரு கட்டுரை, 1914இல் மற்றொன்று. பகல் குறுகுவதைக் காட்டிலும் இரவு நீள்வதே செடியைப் பூக்கச் செய்கிறது என்று எழுதினார். செடிக்கு நாட்காட்டி இல்லை. இருட்டின் நீளமே அதற்குப் பருவங்காட்டும் மணி! உலகம் அறியாத உண்மையை ஒரு கண்ணாடி வீட்டுக்குள்ளே கண்டுபிடித்த அந்த இளைஞர், அதை விரித்துரைக்க இருக்கவில்லை. முதல் உலகப்போர் அவரைக் கொண்டுபோய்விட்டது. கோடிக் கணக்கில் குண்டு செய்தவர்கட்குக் குறிப்பேட்டோடு நின்றவனின் அருமை தெரியுமா?

1920இல் கார்னர், அல்லர்டு என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர், மேரிலாந்துப் புகையிலையையும் சோயா மொச்சையையும் இருட்டறைக்குள் வைத்தும் எடுத்தும் பார்த்து, பகலின் நீளமே பூப்பைத் தீர்மானிக்கிறது என்று விரிவாக நிறுவினர். புகழ் அவர்களைச் சேர்ந்தது. 1938இல் ஹாம்னர், பானர் என்ற வேறிருவர் சோதித்தபோது, குறும்பகல் செடி எண்ணுவது பகலையன்று, இரவையே என்பது தெளிவாயிற்று. போரில் மாண்ட இளைஞன் சொன்னதே சரி என்றாயிற்று. ஓசூர்ப் பக்கம் இரவு வண்டியில் செல்வோர், சாமந்தித் தோட்டத்திலே வரிசையாக மின்விளக்கு எரிவதைக் கண்டிருக்கலாம். திருடனுக்கு அஞ்சி ஏற்றிய விளக்கென்று என் மாணவன் ஒருவன் எண்ணிக் கொண்டிருந்தான். செடியின் இரவைத் துண்டாக்கி, பூப்பைத் தள்ளிப்போட ஏற்றிய விளக்கு அது. சாமந்தியும் அந்தக் குறும்பகல் குடும்பத்ததுதான்.

ஆக, அறிவு அழைத்தபோது செடி வீட்டுக்குள் வந்து ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிற்று. அடுத்த முறை அது உள்ளே வந்தது அழைப்பின் பேரிலன்று.

அமெரிக்காவிலே 1930இல் போதைப்பொருள் தடுப்புத் துறைக்குத் தலைவரானார் ஹாரி ஆன்சிலிங்கர். மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளரும், கறுப்பு நிற இசைவாணரும் புகைக்கிறார்கள் என்பதே அந்நாட்டு ஏடுகளுக்குப் போதுமான குற்றமாயிற்று. கஞ்சா என்னும் மருந்துக்கடைப் பெயரை விட்டு, மரிவானா என்னும் மெக்சிகோப் பெயரால் மிரட்டினார்கள். 1937இல் வரிச் சட்டம் வந்தது. பதிவு பெற்றவரிடம் கைமாறினால் அவுன்சுக்கு 1 டாலர். பெறாதவரிடம் கைமாறினால் 100 டாலர்! வரியென்று பெயர், தடையென்று பொருள். அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் சார்பிலே உட்வர்டு என்பவர் எழுந்து, நாங்கள் மருந்தாக எழுதித் தரும் பொருளுக்கு வேறு பெயர் சூட்டி விட்டீர்கள், எங்களுக்கே தெரியாமல் போயிற்று, சான்று எங்கே என்று கேட்டார். கேட்டதற்கு மதிப்பில்லை. நியூயார்க்கு மேயர் லகார்டியா அமைத்த மருத்துவர் குழு 1944இல் அறிக்கை தந்தது. அச்சத்திற்கு ஆதாரம் குறைவு என்றது. அதுவும் அலமாரிக்குப் போயிற்று. குடியரசுத் தலைவர் நிக்சன் காலத்திலே, 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த ஷேஃபர் குழு, சொந்தப் பயனுக்குச் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்று 1972இல் கூறிற்று. நிக்சன் ஏற்க மறுத்தார். மூன்று குழுக்கள், மூன்று அலமாரிகள்!

தடை வந்தால் கடத்தல் வரும். 1969 செப்டம்பரில் மெக்சிகோ எல்லையிலே வண்டி வண்டியாக நிறுத்திச் சோதித்தார்கள், வாணிகம் திணறிற்று, சில வாரத்திலே கைவிட்டார்கள். 1970களின் பிற்பகுதியில் மெக்சிகோ வயல்களின்மேல் விமானத்திலிருந்து பாராகுவாட்டு என்னும் களைக்கொல்லி நஞ்சைத் தெளித்தார்கள். பயிர் அழிந்ததோ இல்லையோ, நஞ்சு பட்ட சரக்கு அமெரிக்கச் சந்தைக்கே வந்து சேர்ந்தது. அஞ்சிய அமெரிக்கர் சொந்த மண்ணில் விளைந்ததைத் தேடினர். கலிபோர்னியாவின் வடக்கே ஹம்போல்ட்டு, மெண்டோசினோ, டிரினிட்டி என்னும் மலை மாவட்டங்களில் செடி தழைத்தது. விடுமா அரசு? 1983 முதல் எலிகாப்டர்கள் வந்தன. காட்டுக்கு மேலே வட்டமிட்டு, பச்சையின் நிறபேதம் கண்டு இறங்கி, வெட்டிச் சாய்த்துச் சென்றன.

இங்கேதான் சட்டப் புத்தகத்தைச் சற்றுப் புரட்ட வேண்டும். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா என்னும் ஊரில் ஒருவர் வீட்டுக் கொல்லையிலே செடி வளர்த்தார். சுற்றிலும் 6 அடி வேலி ஒன்று, 10 அடி வேலி மற்றொன்று. போலீசார் தரையிலிருந்து பார்க்க முடியாமல், 1,000 அடி உயரத்தில் சிறு விமானம் ஏறிப் பார்த்தார்கள். வாரண்டு உண்டா? இல்லை. 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வானம் பொதுவழி, அங்கிருந்து தெரிவதைப் பார்க்க வாரண்டு தேவையில்லை. வேறொருவர் புளோரிடாவில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தார். கூரையிலே இரண்டு தகடு இல்லை. 400 அடி உயரத்தில் எலிகாப்டர் நின்று, அந்த இடுக்கு வழியே எட்டிப் பார்த்தது. 1989இல் அதையும் நீதிமன்றம் சரி என்றது. ஒருவர் அந்தரங்கத்தின் எல்லை, கூரைத் தகட்டின் இடுக்கால் அளக்கப்பட்டது!

இனிச் செடி எங்கே போகும்? வானம் பார்த்த செடி வானத்துக்கே அஞ்ச வேண்டியதாயிற்று. வீட்டு நிலவறைக்கும், மாடி அறைக்கும், வண்டிக் கொட்டகைக்கும் போயிற்று. தெருவுக்கும் விளையாட்டு அரங்கிற்கும் தொழிற்சாலைக்கும் என்று செய்த சோடிய விளக்கும் உலோக விளக்கும் அதற்கு ஞாயிறாயின. தூர்நுவாவின் இரவுக் கணக்கு அவனுக்குத் தெரியாமலே கைக்கு வந்தது. சுவிட்சைத் தட்டினால் பகல், மறுபடி தட்டினால் இரவு. முதன்முதலாக வீட்டுக்குள் வளர்க்கத் துணிந்தவன் உழவனல்லன். மண்ணைத் தொட்டறியாத நகரத்து இளைஞன். அண்டை வீட்டான் மூக்குக்கு அஞ்சினான். மின்கட்டணச் சீட்டுக்கு அஞ்சினான். விளக்கு வாங்கிய கடையின் ரசீதுக்கு அஞ்சினான். அவன் அச்சம் வீணன்று. 1989 அக்டோபர் 26ஆம் நாள், 46 மாநிலங்களில் ஒரே வேளையில், தோட்ட விளக்கும் நீர்வழி வேளாண்மைக் கருவியும் விற்ற கடைகளைச் சூழ்ந்தார்கள் அரசின் ஆட்கள். பசுமை வணிகன் நடவடிக்கை என்று அதற்குப் பெயர். யார் யாருக்கு விளக்குப் போயிற்று என்ற அஞ்சல் கணக்கைக் கைப்பற்றி, வீடு வீடாகத் தேடினர். தக்காளி வளர்த்தவன் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது.

இதன் உச்சம் ஓரிகன் மாநிலத்து ஃபிளாரன்சு என்னும் ஊரில் நடந்தது. 1992ஆம் ஆண்டு சனவரித் திங்கள், பின்னிரவு மூன்றேகால் மணிக்குமேல். தெருவிலே நின்ற வண்டிக்குள் அமர்ந்தபடி, அரசின் ஆட்கள் ஒரு வீட்டை வெப்பம் காட்டும் கருவியால் நோக்கினர். வண்டிக் கொட்டகையின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் மற்ற இடங்களைக் காட்டிலும் சூடாகத் தெரிந்தன. உள்ளே விளக்கு எரிகிறது என்று முடிவு செய்து, பிறகு வாரண்டு பெற்று நுழைந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட செடிகள் இருந்தன. குற்றம் சாட்டப்பட்டவர் கைல்லோ விடவில்லை. சுவருக்கு வெளியே கசிந்த சூட்டைத்தானே பார்த்தோம் என்றது அரசு. 2001 சூன் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறம் நால்வர் ஒருபுறமாகப் பிரிந்து, கைல்லோ பக்கம் தீர்ப்பளித்தது. பொதுமக்களிடம் இல்லாத கருவியைக் கொண்டு வீட்டின் உள்நிலையைத் துழாவுவதும் சோதனையே, அதற்கும் வாரண்டு வேண்டும் என்றது. இல்லத்தரசி எந்த நேரத்தில் குளிக்கிறாள் என்பதைக்கூட இக்கருவி காட்டிவிடுமே என்று தீர்ப்பெழுதிய ஸ்காலியா சுட்டினார். இவர் தாராளக் கொள்கையினர் அல்லர். பழமைப் பற்றில் முதல் வரிசையில் நின்றவர்! ஒரு கஞ்சா விளக்கின் சூட்டிலிருந்து, வீடுதோறும் இருக்கும் மானம் காக்கும் தீர்ப்புப் பிறந்தது. விளைத்தவனைப் பாராட்ட வேண்டியதில்லை. தீர்ப்பைப் படிக்காமல் இருக்கவும் கூடாது.

எல்லார் கதவும் ஒன்று போலத் தட்டப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே புகைக்கும் நாட்டிலே, கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு, வெள்ளையரைவிடக் கறுப்பர்க்கு 3.73 மடங்கு என்று அமெரிக்கக் குடியுரிமைக் கழகம் 2013இல் கணக்குக் காட்டியது. சட்டத்துக்குக் கண் இல்லை என்கிறார்கள். தோலின் நிறம் மட்டும் தெரிகிறதே, எப்படி?

நோயாளியின் கதை வேறு. இராபர்ட்டு ராண்டால் என்னும் வாசிங்டன் நகரத்து இளைஞருக்குக் கண்ணழுத்த நோய். பார்வை போய்க்கொண்டே இருந்தது. கஞ்சா புகைத்தால் அழுத்தம் தணிவதைத் தற்செயலாக உணர்ந்து, வீட்டு மேல்தளத்தில் நாலு செடி வளர்த்தார். 1975இல் கைது. கண்ணைக் காக்க வேறு வழியில்லை என்று மருத்துவச் சோதனைகளால் மெய்ப்பித்தார். 1976இல் விடுதலை. அது மட்டுமா? எந்த அரசு செடி வளர்த்ததற்காக அவரைப் பிடித்ததோ, அதே அரசு மிசிசிப்பி பல்கலைக்கழகப் பண்ணையில் தான் விளைவித்த கஞ்சாவை அவருக்குச் சுருட்டித் தந்தது! கண்ணழுத்த நோய்க்கு இன்று அதைவிட நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அன்று அவர் கேட்ட கேள்வி அழியவில்லை. 1996இல் கலிபோர்னிய மக்கள் வாக்களித்து, நோயாளிகள் வளர்க்கலாம் என்றனர். 2000இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு மன்றம், வலிப்பு நோயாளி ஒருவரின் வழக்கில், மருந்தாகக் கூடத் தராத சட்டம் செல்லாது என்றது. மன்றம் சொன்னதற்குப் பணிய வேண்டும். திருட்டுக்கும் அஞ்ச வேண்டும். ஆகவேதான் கனடா அரசு சுரங்கத்துக்குள் இறங்கிற்று. சில ஆண்டுகள் கழித்துச் சுரங்கத் தோட்டம் மூடப்பட்டது.

இங்கிலாந்திலே 1998இல் தொடங்கிய ஒரு மருந்து நிறுவனம் கண்ணாடி வீட்டில் வளர்த்த செடியிலிருந்து மருந்து செய்தது. குழந்தைகளைச் சிதைக்கும் கடும் வலிப்பு நோய்கள் இரண்டுக்கு, அச்செடியின் போதை தராத பகுதியிலிருந்து செய்த மருந்தை 2018இல் அமெரிக்க அரசு ஏற்றது. ஓஷானசி கல்கத்தாவில் ஒரு கைக்குழந்தையின் இசிவுக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். இடையே வீணான ஆண்டுகள் எத்தனை!

உள்ளே போன செடி போனவாறே இருந்துவிடவில்லை. ஒளிந்து வளர்ப்பவனுக்கு இடம் சிறிது. சிறு இடத்தில் மிகுபோதை விளைந்தால்தான் ஆபத்துக்கு ஈடான ஆதாயம். அமெரிக்காவில் கைப்பற்றிய சரக்கைச் சோதித்தபோது, 1995இல் நூற்றுக்கு 4 என்றிருந்த போதைப்பொருள் அளவு, 2014இல் நூற்றுக்கு 12 ஆகியிருந்தது. அதற்கு வளர்ப்புக் கலையும் காரணம், விதைத் தேர்வும் காரணம். ஆனால் தடையால் வந்த மறைவிடமே அந்தக் கலைக்குப் பள்ளிக்கூடம். இளைஞர் மனத்தைக் காக்கவென்று எழுந்த சட்டத்தின் நிழலிலேயே, இளைஞர் மனத்துக்கு மும்மடங்கு கேடான சரக்கு விளைந்தது. மின்சாரமோ? 2012இல் இவான் மில்சு என்னும் ஆய்வாளர், அமெரிக்காவின் மொத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு இந்த அறைக்குள் வளரும் செடிகளுக்கே போகிறது என்று மதிப்பிட்டார். 2021இல் வந்த மற்றோர் ஆராய்ச்சி, ஒரு கிலோ உலர்ந்த பூவை அறைக்குள் விளைவிக்க, இடத்துக்கேற்ப 2,283 கிலோ முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு ஈடான புகை வெளியாகிறது என்று காட்டிற்று. காசு வாங்காமல் வெளிச்சம் தரும் கதிரவன் வெளியே நிற்கிறான். உள்ளே நிலக்கரியை எரித்துக் கதிரவன் செய்கிறார்கள்!

சட்டங்கள் இப்போது மெல்ல மெல்லத் திரும்புகின்றன. உருகுவே நாடு 2013இல் வீட்டுக்கு ஆறு செடி என்றது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு மன்றம் 2018 செப்டம்பரில், வயது வந்தவர் தனியிடத்தில் வளர்ப்பதைக் குற்றமாக்கல் அந்தரங்க உரிமைக்கு முரண் என்றது. அடுத்த திங்களே கனடா, வீட்டுக்கு நாலு செடி என்று திறந்துவிட்டது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், 27க்கு 25 என்ற வாக்கு வேறுபாட்டில், மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. எடுக்கலாம் என்று கை தூக்கியவர்களுள் இந்தியாவும் ஒன்று. இங்கேயோ 1985ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. பாங்கு அரைக்கும் இலை அச்சட்டத்தின் கஞ்சா என்ற சொல்லுக்குள் வராது, பூ வரும். ஒரே செடியானாலும் உரிமமின்றி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. வாக்களித்த கை ஒன்று, வழக்குப் போடும் கை ஒன்று. மேனாட்டுச் செய்தியைப் படித்துவிட்டு மாடியிலே தொட்டி வைக்க நினைக்கும் இளைஞர் யாரேனும் இருந்தால், இந்த வரியை இருமுறை படிக்கட்டும்.

செருமனி 2024 ஏப்ரல் முதல் நாள் தன் சட்டத்தை மாற்றிற்று. வயது வந்த ஒருவர் வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் காக்க வேண்டும். விளக்கு வாங்கிய ரசீதை எரிக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. பூப்பின் இரகசியம் சொன்ன தூர்நுவாவின் பெயர் தாவரவியல் வரலாற்று ஏடுகளில் சில வரிகளோடு நிற்கிறது. 1,193 பேரின் சாட்சியங்களோ ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் தொகுதி தொகுதியாக உள்ளன. படமெடுத்து யாவரும் படிக்க வைத்திருக்கிறார்கள். பைத்தியக்கார ஆசுபத்திரித் தாளிலே யார் என்ன எழுதினார், ஏன் எழுதினார் என்பது, பெயரும் ஊருமாக, அதிலே இருக்கிறது.